கராம்புச் சின்னமும் கடைசி இருநூறு பேரும்

பழைய மாணவர் சங்க மலர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். மினுமினுப்பான தாள். முன்னட்டையில் பள்ளிக்கூடத்தின் முகப்பு. உள்ளே வாழ்த்துச் செய்திகள், நிறுவிய பாதிரியாரின் அல்லது காணி கொடுத்த வள்ளலின் படம், அதிபர்களின் வரிசை, அறுபதுகளின் கிரிக்கெட் அணி. பிறகு பட்டியல் தொடங்கும்: டொக்டர்கள், எஞ்சினியர்கள், கணக்காளர்கள், எப்படியும் ஒரு நீதியரசர். நடுவே நகைக்கடை, மோட்கேஜ், சொலிசிற்றர் விளம்பரங்கள். எங்கள் வீட்டு அலுமாரியிலும் நாலைந்து கிடக்கின்றன. அவற்றை நக்கலடிப்பது எமது நோக்கமல்ல. ஊரில் ஷெல் விழுந்து கூரை பறந்த பல வகுப்பறைகளுக்கு ஓடு போட்டது இந்தச் சங்கங்களின் காசுதான். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எப்படி எழுதுவது என்று இந்த மலர்கள் எங்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களை வைத்துக் கதைத்தால் சண்டை வரும். ஆகவே ஆங்கிலேயரின் பள்ளிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

கிழக்கு இலண்டனின் ஹக்னியில், டவுன்ஸ் எனப்படும் புல்வெளியின் அருகே, 1876 இல் ஆண்களுக்கான ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. திறந்தவர்கள் குரோசர்ஸ் கொம்பனி எனும் வணிகர் குழுமத்தினர். இலண்டன் நகரத்தின் பழைய குழுமங்களின் வரிசையில் இரண்டாம் இடம் இவர்களுக்கு. பலசரக்குக்காரர் என்ற பெயரைப் பெறுமுன் இவர்களுக்கு இருந்த பெயர் மிளகு வணிகர். மலபார்க் கரையின் மிளகும் கீழைத்தீவுகளின் கராம்பும் கைமாறிக் கைமாறி இலண்டன் வந்து சேர்ந்த காலத்தில் திரண்ட செல்வம் அது. குழுமத்தின் சின்னத்தில் ஒன்பது கராம்புகள் உண்டு. மேலே பொதி சுமக்கும் ஒட்டகம். பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும் கராம்பின் பெயரிலேயே குளோவ் கிளப் என்று அமைந்தது. எங்கள் குசினிப் போத்தலில் கிடக்கும் ஒரு மொட்டு இலண்டன் கனவான்களின் கழுத்துப் பட்டியில் ஏறியிருப்பதைக் கண்டு சிரிப்பதா, கணக்குக் கேட்பதா என்பது வாசகரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

தொடக்கத்தில் இது கட்டணம் கட்டிப் படிக்கும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்கான இடம். 1906 இல் இலண்டன் மாவட்ட சபையிடம் கைமாறி, ஹக்னி டவுன்ஸ் பாடசாலை ஆயிற்று. கைமாறிய காலத்தைக் கவனிக்கவேண்டும். 1881 க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த யூதப் படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்கள் வைற்சப்பலில் நெரிபட்டு, கொஞ்சம் காசு சேர்ந்ததும் வடக்கே ஹக்னிக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1905 இல்தான் அவர்களைத் தடுப்பதற்காக அந்நியர் சட்டம் வந்தது. இந்நாட்டின் நவீன குடிவரவுச் சட்டங்களுக்கெல்லாம் அது மூத்தது. எங்களை விமான நிலையத்தில் மணிக்கணக்கில் இருத்தி வைத்த சட்டங்களின் பூட்டன் என்று சொன்னால் பிழையில்லை.

தையற்காரர், ரொட்டி சுடுபவர், கம்பளித் தோல் வெட்டுபவர் ஆகியோரின் பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்று இந்தப் பாடசாலைக்குள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் மாணவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் யூதர்கள். வீட்டில் பாட்டியோடு யிட்டிஷ், வகுப்பில் ஷேக்ஸ்பியர். இந்த இரட்டை வாழ்வை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இவர்களில் ஒருவர்தான் ஹரோல்ட் பின்ரர். பெண்களுக்கான உடுப்புத் தைக்கும் தையற்காரரின் ஒரே மகன். 1930 இல் பிறந்து, போர்க்காலத்தில் ஊர்விட்டு அனுப்பப்பட்டுத் திரும்பி, 1944 இல் ஹக்னி டவுன்ஸில் சேர்ந்தார். போர் முடிந்த கையோடு மொஸ்லியின் பாசிஸ்டுகள் மறுபடி ரிட்லி வீதியில் கூட்டம் போடத் தொடங்கியிருந்தார்கள். உடைந்த பால்போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வழிமறித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துத் தப்பிய அனுபவங்களைப் பின்ரர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய நாடகங்களில் ஒன்றுமில்லாத பேச்சுக்குள் ஒரு கத்தி கிடக்கும். அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சிப் பட்டம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் சோதனைச் சாவடிகளில் "எங்கே போறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும்.

அந்தப் பையனுக்கு ஜோ பிரேர்லி என்று ஓர் ஆங்கில ஆசிரியர் வாய்த்தார். அவர் 1947 இல் மக்பெத்தை மேடையேற்றினார், பின்ரர் மக்பெத். அடுத்த ஆண்டு ரோமியோ. வகுப்பறையை விட அதிகம் நடந்தது வெளியில்தான். ஆசிரியரும் மாணவனும் ஹக்னி வீதிகளில் நீளநடந்து, வெப்ஸ்ரரின் நாடக வசனங்களைக் காற்றைப் பார்த்தும் கடந்துபோகும் ட்ரொலி பஸ்களைப் பார்த்தும் உரத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1995 இல் டேவிட் கோஹன் இலக்கியப் பரிசைப் பெற்றபோது ஆற்றிய உரையில் பின்ரர் இதை நினைவுகூர்ந்தார். பிரேர்லி 1977 இல் மறைந்தபின் அவர் மீது ஒரு கவிதையும் எழுதினார். பள்ளி நண்பர்களும் விட்டுப் போகவில்லை. பின்ரரின் முதல் நாடகமான "அறை"யை 1957 இல் பிறிஸ்ரலில் மேடையேற்றியவர் ஹென்றி வூல்வ். அவரும் ஹக்னி டவுன்ஸ் பையன்தான்.

இந்தக் கதையைக் கேட்கும்போது நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு வாத்தியார் இருந்தார், பலருக்கும் இருந்திருப்பார். ஆயினும் விமர்சனம் என்று எழுத உட்கார்ந்தபின் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பின்ரர் நன்றி சொன்னது ஓர் ஆசிரியருக்கு. அதைப் பாடசாலையின் வரவுக் கணக்கில் எழுதிக்கொண்டது பிறருடைய வேலை. அந்தப் பாடசாலையிலிருந்து அவர் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. இலத்தீன் இல்லாததால் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் கதவுகள் மூடியிருந்தன. நாடகக் கல்லூரிக்குப் போய் இடையில் விட்டார். பதினெட்டு வயதில் இராணுவ சேவைக்கு மறுத்து நீதிமன்றம் ஏறித் தண்டப்பணம் கட்டினார். எங்கள் மலர்க் குழுவினரிடம் இந்த விபரங்களை 1949 இல் கொடுத்திருந்தால் அவருடைய பெயர் பட்டியலில் வந்திராது. 2005 இல் நோபல் பரிசு வந்தபின் எல்லோருக்கும் அவர் எங்கட பெடியன்.

பட்டியல்களின் கூத்து இத்தோடு முடிவதில்லை. ஹக்னி டவுன்ஸின் புகழ்பெற்ற பழைய மாணவர்கள் என்று எங்கே பார்த்தாலும் நடிகர் மைக்கல் கெய்ன் இருப்பார். அவர் அங்கே படித்தது ஏறத்தாழ ஒரு வருடம். பிறகு தெற்கு இலண்டனில் வேறு பாடசாலைக்குப் போய்விட்டார். நாடகக்காரர் ஸ்ரீவன் பேர்கொவ், ஓவியர் லியோன் கொசொவ், இயற்பியலாளர் சிரில் டோம், சட்டத்தரணியும் அரசியல் ஆலோசகருமான ஆர்னல்ட் குட்மன், பொருளியலாளர் மொறிஸ் பெஸ்ரன் என்று வரிசை நீள்கிறது. டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலக வெற்றியாளரான எரிக் பிறிஸ்ரோவும் இங்கே படித்தவரே. பிரபுக்கள் சபையில் மட்டும் மூன்று நாலு பேர். ரொட்டிக்கடைக்காரரின் மகனான கொசொவ் போர்க்காலத்தில் பாடசாலையோடு சேர்த்து கிங்ஸ் லின் நகருக்கு அனுப்பப்பட்டார். படம் வரையும் ஆசையை அங்கே ஊட்டி வளர்த்தது அவரைத் தங்கவைத்த குடும்பம். அந்தப் புண்ணியத்தையும் பாடசாலையின் பெயரிலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

பட்டியல் மறைப்பது வடிகட்டலை. பதினொரு வயதில் ஒரு பரீட்சை. தேறியவர் உள்ளே, தேறாதவர் வேறு பாடசாலைக்கு. எங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு அண்ணன்முறை. வடிகட்டி எடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பாடசாலை பிரகாசித்தால் அதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, சல்லடையின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வியை எந்த மலரும் கேட்டு நாம் கண்டதில்லை. யாழ்ப்பாணத்து நல்ல பள்ளிக்கூடங்களின் சல்லடை பரீட்சை மட்டுமா என்ன? இருபதுகளிலும் முப்பதுகளிலும் வகுப்பறையில் சம ஆசனத்துக்காக நடந்த போராட்டம் அந்தப் பாடசாலைகளின் மலர்களில் எத்தனை பந்தி பெறுகிறது? பள்ளிப்படிப்பை இடையில் விட்டு, சலூனில் வேலை செய்துகொண்டே 1966 இலிருந்து "மல்லிகை"யை நடத்தியவர் டொமினிக் ஜீவா. அவருடைய பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது?

ஹக்னி டவுன்ஸின் உண்மையான வரலாறு மலர்களில் இல்லை. அதன் மாணவர்கள் எழுதிய நாவல்களில் இருக்கிறது என்பது எமது எண்ணம். மூன்றை மட்டும் பார்ப்போம்.

பின்ரர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் எழுதி, 1990 இல்தான் அச்சேறிய "குள்ளர்கள்" அவருடைய ஒரே நாவல். மூன்று ஹக்னி நண்பர்களின் பேச்சும் பிரிவும். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு; பாதியில் எங்களுக்குக் களைத்துவிட்டது. ஆனால் ஓர் இடம் நிற்கிறது. வெர்ஜீனியா என்ற பெண் ஹம்லெற்றைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறாள். அவளுடைய காதலன் பீற் அதற்காக அவளைப் போட்டு நொறுக்குகிறான். ஷேக்ஸ்பியர் தங்களுடைய சொத்து, அதில் அவள் கைவைக்கலாமா என்பதுபோல. பெண்கள் கால்வைக்காத ஒரு பாடசாலையில், கவிதையைத் தோள்மேல் கைபோட்டுக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் அந்தக் கவிதையை வைத்து என்ன செய்தார்கள் என்பதை இந்தக் காட்சி காட்டிவிடுகிறது. பிரேர்லியோடு நடந்த நடைகளுக்கு இப்படியும் ஒரு பின்பக்கம். பின்ரர் அதை மறைக்கவில்லை என்பது அவருடைய நேர்மை.

ரோலண்ட் கம்பேர்ரன் என்ற புனைபெயரில் எழுதிய பழைய மாணவர், 1950 இலும் 1951 இலும் இரண்டு நாவல்களை வெளியிட்டார். முதலாவதற்கு சொமர்செற் மோம் பரிசும் கிடைத்தது. இரண்டாவது ஹக்னியின் யூதச் சிறுவன் ஒருவனின் வளரிளம் பருவம். அதன்பிறகு நாவல் இல்லை. 1965 இல் இறந்துபோனார். புலம்பெயர்ந்த எங்கள் எழுத்திலும் இந்தக் கதை உண்டு. ஒன்றிரண்டு தொகுப்பு, ஒரு பரிசு, பிறகு வேலை, பிள்ளைகள், மௌனம்.

மூன்றாமவர் அலெக்சாண்டர் பாரன். எமக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். சிசிலியிலும் நோர்மண்டியிலும் போரிட்ட சிப்பாய். போர் பற்றிய அவரது முதல் நாவல் 1948 இல் வந்து பெரும் எண்ணிக்கையில் விற்றது. ஆனால் ஹக்னியை அறிய வாசிக்கவேண்டியது 1963 இல் வந்த "தி லோலைவ்". கதை சொல்பவன் ஹரிபோய் போவாஸ், நாய்ப்பந்தயச் சூதாடி. காசு முடிந்தால் தையற் தொழிற்சாலையில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பான். காசு இருந்தால் அறையில் படுத்திருந்து சோலா வாசிப்பான். அக்காவின் குடும்பம் முன்னேறி ஃபிஞ்ச்லிக்குக் குடிபோய்விட்டது. இவன் ஹக்னியில் ஒரு வாடகை அறையிலேயே கிடக்கிறான். போருக்கு முன் பாரிஸில் ஒரு பெண்ணை விட்டுவந்தவன். அவளும், பிறந்திருக்கக்கூடிய ஒரு பிள்ளையும் நாஜிகளிடம் போனார்களோ என்ற நினைப்பு அவனைத் தின்கிறது. அவன் எழும்பமுடியாமல் கிடப்பதற்குச் சோம்பல் காரணமல்ல.

ஈஸ்ற்ஹாமிலிருந்து ஹரோவுக்கும் ரெட்பிரிட்ஜுக்கும் வீடு மாறிய அக்காமாரை எங்களுக்குத் தெரியும். சகோதரங்களை அங்கே விட்டுவந்து, இங்கே லொத்தர்ச் சீட்டும் குதிரைப் பந்தயமுமாய் ஒற்றை அறையில் கிடக்கும் ஹரிபோய்களையும் தெரியும். இன்னொன்றும் இந்த நாவலில் உண்டு. அதே வீட்டுக்கு ஒரு மேற்கிந்தியத் தம்பதியர் குடிவருகிறார்கள். அவர்களைக் கண்டு வெள்ளைக்கார அயலவளுக்கு முகம் கோணுகிறது. அடுத்து வரப்போகும் ஹக்னியை பாரன் வாசலிலேயே கண்டு எழுதிவிட்டார். ஹரிபோய் எந்த மலரிலும் வரமாட்டான். அவனை எழுதியவர் அந்தப் பாடசாலையில் படித்தவர் என்பதுதான் அதன் பெயருக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண்.

அந்த நாவல் வந்த 1963 இல் பாடசாலையின் பழைய கட்டடம் தீயில் பெருமளவு அழிந்தது. 1969 இல் தெரிவுப் பரீட்சை ஒழிந்து, எல்லோருக்குமான பொதுப் பாடசாலையாயிற்று. யூதக் குடும்பங்கள் வடக்கே நகர்ந்தன. அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கும் வாங்குகளுக்கும் கரீபியன் பிள்ளைகள் வந்தார்கள். பின்னர் துருக்கியர், குர்திஷ்காரர், தென்னாசியர். கறுப்புப் பிள்ளைகளை இந்நாட்டின் கல்விமுறை எப்படி "மந்தபுத்தி" என்று முத்திரை குத்தி வேறு பாடசாலைகளுக்கு ஒதுக்குகிறது என்பதை பேர்னாட் கோர்ட் 1971 இல் ஒரு சிறு நூலாக எழுதினார். கோர்ட்டின் பின்னைய கிரனடா அரசியல் வேறு கதை. அதற்காக நூல் பொய்யாகிவிடவில்லை. கரீபியன் பெற்றோர் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டினார்கள், சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். எங்களவர்களும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். அங்கே தமிழ், பரதம், மிருதங்கம். ஆங்கிலப் பாடசாலை எங்கள் பிள்ளையை எப்படி நடத்துகிறது என்ற பேச்சு அங்கே எழுந்து நாம் கேட்டது அபூர்வம்.

1990 இல் உள்இலண்டன் கல்வி அதிகாரசபை கலைக்கப்பட்டு, பாடசாலை ஹக்னி நகரசபையின் கைக்கு வந்தது. நிரந்தர அதிபர் நிலைக்கவில்லை. ஆசிரியர்கள் போனார்கள். வேறு பாடசாலைகள் எடுக்க மறுத்த, விசேட உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் மேலும் மேலும் இங்கே வந்துசேர்ந்தார்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக் கலவன் பாடசாலையாக்கும் யோசனை கைகூடவில்லை. 1994 இல் கல்விப் பரிசோதகர்கள் வந்து "தோல்வியடைந்த பாடசாலை" என எழுதினார்கள். நகரசபை மூட முனைந்தது. 1995 நடுப்பகுதியில் மனம் மாறி வைத்திருக்கத் தீர்மானித்தது. யூலையில் கல்வியமைச்சர் ஜிலியன் ஷெப்பேட், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு விசேட குழுவை அனுப்பிப் பாடசாலையை நகரசபையிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட ஒரே குழு அதுதான். ஒக்ரோபரில் குழு மூடச்சொன்னது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள், மேன்முறையீட்டுக்கும் போனார்கள், டிசம்பரில் தோற்றார்கள். 1995 டிசம்பர் 31 உடன் 119 வருடக் கதை முடிந்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பையன்கள். பத்திரிகைகள் அவர்களுடைய பாடசாலைக்கு வைத்த பெயர் "பிரித்தானியாவின் மிக மோசமான பாடசாலை". பின்ரர் பரிசு மேடையில் பிரேர்லியை நினைவுகூர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்தப் பையன்கள் அருகிலிருந்த ஹொமேட்டன் ஹவுஸ் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் அதுவும் பெயர் மாறி, மூடப்பட்டது.

இந்தப் பாடசாலைக்கு இரண்டு வரலாற்று நூல்கள் உண்டு. ஒன்று, பழைய மாணவரும் வரலாற்றாசிரியருமான ஜெவ்றி அல்டர்மன் எழுதி 1972 இல் வெளிவந்தது. குளோவ் கிளப்பின் வெளியீடு. ஆண்டைப் பாருங்கள்: பொதுப் பாடசாலையாகி மூன்றே வருடம். கராம்புக் காலத்தின் வரலாறு அதோடு முற்றுப்பெறுகிறது. மற்றது 1999 இல் வந்த "ஹக்னி டவுன்ஸ்: போராடத் துணிந்த பாடசாலை". எழுதிய நால்வரில் ஒருவர் கடைசிக் காலத்தின் பதில் அதிபர் எலிசபெத் ஹேல்ஸ், இன்னொருவர் அங்கே கற்பித்த ஜெவ் டேவிஸ். மூடுவிழாவின் உள்ளரசியலை அறிய இந்த நூல் இல்லாமல் முடியாது. அரசுக்கு ஒரு பலி தேவைப்பட்டது, ஹக்னி கிடைத்தது என்ற அதன் வாதத்தோடு பெருமளவில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் தலைப்பிலேயே பக்கம் எடுத்துவிட்ட நூல் அது. பாடசாலைக்குள் ஒன்றும் பிழைக்கவில்லை என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்லமுடியாது. தன் மகன் மூன்று வருடமாக என்ன படித்தான் என்று அவள் கேட்பாள். வகுப்பில் நிலைக்காத ஆசிரியர்கள் அவளுக்கு அமைச்சரின் சதி மட்டுமல்ல. இடதுசாரி நண்பர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பதை நாம் பல கூட்டங்களில் கண்டிருக்கிறோம். இடம் காலியானதும் வலதுசாரிகள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஆக, ஒரு தலைமுறையின் வரலாற்றை அந்தப் பாடசாலையின் மாணவரே எழுதினார். அடுத்த தலைமுறையின் வரலாற்றை எழுதியவர்கள் பரிசோதகர்கள், பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள். இரண்டு தலைமுறையுமே வந்தேறிகளின் பிள்ளைகள். முதலாவது தலைமுறை சல்லடையில் மேலே நின்றது. மற்றதைச் சல்லடைக்குக் கீழே போட்டுவிட்டு, ஏன் நீங்கள் மேலே இருப்பவர்களைப் போல இல்லை என்று கேட்டார்கள். "அந்தக் காலத்து யூதப் பிள்ளைகள் முன்னேறவில்லையா?" என்று இன்றும் கேட்கிறார்கள். எங்களவர்களும் கேட்கிறோம். 1995 இல் எங்கள் வரவேற்பறைகளில் அந்தப் பாடசாலையைக் குறிக்கப் புழங்கிய சொல்லை இங்கே அச்சிட நாம் தயாரில்லை. அகதி முத்திரை காயாத கையோடுதான் அதைச் சொன்னோம்.

பின்ரருக்கே திரும்புவோம். 1985 இல் ஆர்தர் மில்லரோடு துருக்கிக்குப் போய்வந்தபின் அவர் எழுதிய குறுநாடகம் "மலைமொழி", 1988 இல் மேடையேறியது. சிறை வாசலில் நிற்கும் பெண்களிடம், உங்கள் மொழி இனி இல்லை, பேசக்கூடாது என்கிறது அதிகாரம். ஒரு கிழவிக்குத் தலைநகரின் மொழி தெரியாது. பிறகு பேசலாம் என்று அனுமதி வரும்போது அவளிடம் பேச்சே இல்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் போகாத நாடகம். எங்களில் பலர் அதை வாசித்துவிட்டு அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

1996 இல் வட இலண்டனில் குர்திஷ் அகதிகளின் நாடகக் குழு ஒன்று இதே நாடகத்தை ஒத்திகை பார்த்தது. சீருடையும் விளையாட்டுத் துவக்குகளும் வைத்திருந்தார்கள். யாரோ தகவல் கொடுக்க, ஆயுதம் தாங்கிய பொலிஸ் வந்து சுற்றிவளைத்தது. நடிகர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, தங்களுக்குள் குர்திஷ் மொழியில் பேசக்கூடாது என்றது. ஹக்னி டவுன்ஸ் மூடப்பட்டு அரைவருடம்தான் ஆகியிருந்தது. அதன் கடைசி மாணவர்களில் குர்திஷ்ப் பையன்களும் இருந்தார்கள். அவர்களுடைய வீட்டுமொழிக்கு நேர்ந்ததைப் பற்றி அந்தப் பாடசாலையின் மிகப் புகழ்பெற்ற மாணவர் ஒரு நாடகம் எழுதியிருக்கிறார் என்று அவர்களில் யாருக்காவது வகுப்பில் சொல்லியிருப்பார்களா? பிரேர்லி இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்க எமக்கு ஆசை.

பழைய காணியில் 2004 இல் மொஸ்போர்ன் அக்கடமி எழுந்தது. ரிச்சர்ட் றொஜர்ஸின் நிறுவனம் வடிவமைத்த கட்டடம். பணம் போட்டவர் ஹக்னியில் வளர்ந்த வியாபாரி கிளைவ் போர்ன். பெயர் அவருடைய தகப்பனுக்காக. கடும் ஒழுங்கு, மிகச் சிறந்த பெறுபேறு. அதன் முதல் அதிபர் மைக்கல் வில்ஷோ 2012 இல் நாட்டின் தலைமைக் கல்விப் பரிசோதகரானார். ஏழைப் பிள்ளைகள் அங்கே உண்மையாகவே படித்துத் தேறினார்கள். அதைக் குறைத்துச் சொல்வது சின்னத்தனம். ஆனால் அந்த வெற்றியை 1995 ஆம் ஆண்டுப் பையன்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தும்போது எமக்குக் கோபம் வருகிறது. புதுக் கட்டடம், புது ஆசிரியர், கீழ்வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஆண்டாக நிரப்பிய புது மாணவர். இவற்றில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லையே.

கொஞ்ச நாட்களுக்கு முன் லிவர்பூல் ஸ்றீற்றிலிருந்து ரயிலெடுத்து ஹக்னி டவுன்ஸில் இறங்கிப் பார்த்தோம். ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நிற்கிறது கட்டடம், மரச் சட்டங்களும் கண்ணாடியுமாக. எதிரே அதே புல்வெளி. இவ்வளவு திறந்த வெளியில் நின்று கத்திக் கவிதை சொல்ல யாருக்கும் ஆசை வரும்.

கடைசி இருநூறு பேரும் இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுதினால் முதலாவதாக வாங்கி வாசிப்போம், இந்தப் பக்கங்களில் அதைப் பற்றி எழுதவும் செய்வோம். இப்போதைக்கு மேசையில் கிடப்பது போன மாதம் தபாலில் வந்த எங்கள் பாடசாலை ஒன்றின் மலர். 180 பக்கம். அதில் விளம்பரம் 74. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் ஒருவரும் இல்லை.